தலைகீழ்த் தோட்டம்

பெரியாயி இன்றைக்கும் கொழுந்து நிறுக்க வந்துவிட்டாள். சுவரில் அவளைப் பார்த்ததும் மாரிசாமி எழுந்து வெளியே ஓடினான்.

படம் பிடிக்கிற அஸீஸ் கையிலிருந்த கரித்துண்டைக் கீழே வைக்கவில்லை. நாலு நாளாக இதே கூத்துதான். நிறுவைக் களத்தில் வரிசையாக நிற்கும் பெண்களின் முகத்தை மாரிசாமி ஒவ்வொன்றாகப் பார்ப்பான், நன்றாக ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவான். பெரியாயி அங்கே இருக்க மாட்டாள்.

மடுல்சீமையில் காப்பி பட்டுப்போய்த் தேயிலை வந்த பிறகு தோட்டத்துப் பழைய காப்பி ஸ்டோரை யாரும் சீண்டவில்லை. துரையின் குடும்பத்தைப் படம் பிடிக்கப் பதுளையிலிருந்து வந்த அஸீஸ் ஓர் இருட்டறை கேட்டபோதுதான் துரைக்கே அதன் ஞாபகம் வந்தது. சாவி தொலைந்துவிட்டது என்று கந்தப்பன் கங்காணி இரண்டு நாள் இழுத்தடித்தார். கடைசியில் துரை சத்தம் போட்டு, மாரிசாமியை விட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னார்.

அஸீஸும் மாரிசாமியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். பலகைச் சுவரில் ஓர் ஆணி ஓட்டை. அதன் வழியாக வந்த வெளிச்சம் எதிர்ப்பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் தோட்டத்தையே கொண்டுவந்து போட்டிருந்தது. மலை, ஆட்கள் குடியிருக்கும் லயம், நிறுவைக் களம், கூடையோடு நிற்கிற பெண்கள், எல்லாம் அதனதன் நிறத்தோடு அசைந்தன. ஆனால் அத்தனையும் தலைகீழ். வானம் கீழே கிடந்தது, பெண்கள் வௌவால் மாதிரித் தொங்கினார்கள்.

மாரிசாமி பேயென்று பயந்து கதவைத் தேடினான். அஸீஸ்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேயுமில்ல பிசாசுமில்ல, வெளிச்சம். வெளிய உள்ளது எதுவானாலும் இந்த ஓட்டையால வந்தா தலைகீழாத்தான் விழும்."

துரை வந்து பார்த்து அசந்து போனார். அப்படியே சுவரில் வரைந்துவிடு என்று சொல்லிவிட்டு, சுவருக்கு முதுகு காட்டிக் குனிந்து தன் கால்களுக்கு நடுவே பார்த்தார். எல்லாம் நேராகத் தெரிகிறதென்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? லயத்து ஆட்களும் வந்து வந்து குனிந்தார்கள். கங்காணி மட்டும் வாசற்படி தாண்டவில்லை. இருட்டு அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

மாரிசாமி உள்ளேயே கிடந்தான், ஆனால் அவனும் ஒரு தடவைகூடக் குனியவில்லை. சுவரின் கீழ் மூலையில், மற்றப் பெண்களிடமிருந்து தள்ளி, கம்பளியைத் தலையோடு கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். பார்த்தவுடனேயே அவனுக்கு முகம் தெரிந்துவிட்டது. பெரியாயி, அவன் பெண்சாதி.

அவள் காணாமல் போய் இரண்டு வருஷம். பசறைப் பாதையில் எவனோடோ போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகக் கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்துச் சொன்னார். அன்றைக்குக் குனிந்த தலையை மாரிசாமி இன்னும் நிமிர்த்தவில்லை. மகள் நல்லம்மாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், ஓடுகாலி பெற்ற பெண் வேண்டாமென்று வாசலோடு திரும்பினார்கள். அதுதான் அவனை அறுத்துக்கொண்டிருந்தது.

அவளையும் வரைந்துவிடும்படி அஸீஸ் நானாவிடம் கெஞ்சினான்.

"அவ எவங்கூடயும் ஓடல, இந்தத் தோட்டத்துலதான் இருக்கான்னு எல்லாருக்கும் காட்டணும், நானா. எம் மக தலை நிமிரணும்."

அஸீஸுக்கும் அவள் தெரியத்தான் செய்தாள். கூடைக்காரி யாரோ ஒருத்தி என்றுதான் அவர் நினைத்திருந்தார். வரைவதற்கு அவளைப் போல லேசான ஆள் வேறு யாருமில்லை. மற்றவர்கள் நகர்ந்து நகர்ந்து கோட்டைக் கெடுத்தார்கள், இவள் அசையவேயில்லை. படத்தில் கடைசியாக முடிந்தவளும் அவள்தான்.

இன்றைக்கு மாரிசாமி களத்துக்கு ஓடிய பிறகு, வேலை எப்படி வந்திருக்கிறதென்று பார்க்க, அஸீஸ் கதவை அகலத் திறந்துவிட்டார். வெளிச்சம் உள்ளே வந்ததும் சுவரில் விழுந்த படம் அழிந்து கரிக்கோடுகள் மட்டும் நின்றன. நாலு நாளில் முதல் தடவையாக அவரும் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தார்.

மலை நேராக நின்றது. லயம் நேராக நின்றது. கூடைக்காரிகள் அத்தனை பேரும் நேராக நின்றார்கள். பெரியாயி மட்டும் தலைகீழாகத் தொங்கினாள்.

கை தவறிவிட்டதென்று தன்னையே திட்டிக்கொண்டு அஸீஸ் நிமிர்ந்தார். அதற்குள் மாரிசாமி மூச்சிரைக்க வந்து கதவைச் சாத்தினான். சுவரில் தோட்டம் மறுபடியும் தலைகீழாக விழுந்தது. மூலையில் அவள், அவர் போட்ட கோட்டின் மேல் இம்மி பிசகாமல், பாதம் இரண்டும் தரையில் பட நின்றுகொண்டிருந்தாள்.

கோட்டில் பிசகில்லை. அஸீஸின் கையிலிருந்து கரி நழுவி விழுந்தது.

"இன்னிக்கும் களத்துல காணோம் நானா," என்றான் மாரிசாமி. சுவரைக் காட்டினான். "இந்தா, இப்பவும் நிக்கிறாளே. எந்தப் பக்கம் நிக்கிறான்னு மட்டும் சொல்லுங்க. ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துர்றேன்."

அஸீஸ் மூலையைப் பார்க்காமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய தேடாத, மாரிசாமி. வெளிய இருந்தா அவளும் தலைகீழாத்தான விழுவா. அவ இந்த ஸ்டோருக்கு உள்ளுக்குத்தான் நிக்கிறா."