அவருக்கு ஒரு ரூம்

பசி வயிற்றை விட்டு முதுகுக்கு ஏறியிருந்தது.

காலையிலிருந்து குனிந்து குனிந்து கட்டில் விரிப்பு மாற்றிய முதுகு. தாமரை, ஹோட்டலின் துணி அறைக்குள் வந்து அழுக்கு விரிப்பு மூட்டையின்மேல் சாய்ந்தாள். ஜன்னல் வழியே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மீன் குழம்பு வாசம் ஏறி வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுவதையும் சாப்பிடக் கூப்பிடுகிற வாசம்.

அவளைக் கூப்பிட்டுப் பயனில்லை. தைப்பூச விரதம். இரவில் மட்டும்தான் சோறு, அதுவும் சைவம்.

"பசியில விழுந்து கிழுந்து தொலைக்காதடி. உன் ரூமையும் நான்தான் கழுவணும்," என்றாள் வீரம்மா. அதே ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள்.

"கொஞ்ச நாளைக்குத்தானேக்கா. அப்புறம் நான் பனியில போய்க் கழுவுறேன். நீங்க இங்கயே கழுவிக்கிட்டு இருங்க லா."

"வாயைப் பாரு," என்று ஈரத் துண்டை அவள்மேல் எறிந்தாள் வீரம்மா.

அவள் சொன்ன பனி, ஜப்பானின் வடக்கில் ஒரு மலையூரில். சறுக்கி விளையாடப் பணக்காரர்கள் வருகிற இடம். போக ஒரே பாதை. பனி கொட்டினால் அதுவும் மூடிக்கொள்ளும். அங்கே எழும்புகிற ஹோட்டல்களுக்குக் குழாய் பதிக்கப் போனவன் சிவநேசன், தாமரையின் கணவன். போய் இரண்டு வருடம்.

அந்த ஊரில் இருக்கிற வீடெல்லாம் சறுக்க வருகிறவர்களுக்கு. அவர்கள் ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற வாடகையை வேலையாள் ஒரு மாதத்துக்குக்கூடக் கொடுக்க முடியாது. ஆயிரம் பேர் படுக்க இடம் கட்டுகிறவன், இரும்பு கன்டெய்னருக்குள் இன்னும் ஐந்து பேரோடு முடங்கிக் கிடந்தான். போன் செய்தால் பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்கும்.

அவனுடைய முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். படுக்க இடம் மட்டும் கிடைக்கட்டும், உன் பொண்டாட்டிக்கும் ஹோட்டலில் வேலை தருகிறேன் என்று.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தாமரை நாளைத் தள்ளினாள். கிள்ளானில் ஒரு பழைய துணிக் கடையில் தடித்த குளிர்ச்சட்டை வாங்கி, பூச்சி அரிக்காமல் கற்பூரம் போட்டு வைத்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பாள். வேர்த்து ஊற்றும். கழற்ற மனம் வராது.

பொங்கலுக்கு மறுநாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. 'ரூம் கெடச்சிருச்சு.'

அவள் திரும்பக் கூப்பிடுவதற்குள் அங்கே பனி அடித்து, பாதையும் போனது, லைனும் போனது. பரவாயில்லை. அவள் அன்றைக்கே பால்குடத்துக்கு விரதம் தொடங்கிவிட்டாள். நேர்ந்தது பலித்தால் எடுத்தே தீரவேண்டும்.

இப்போது போன் அதிர்ந்தது. வீடியோ.

சிவநேசனின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இருமல் இல்லை.

"ரூமைக் காட்டுங்க முதல்ல," என்றாள்.

போனைத் திருப்பினான். ஜன்னல் நிறைய வெள்ளை. மூலையில் ஹீட்டர். சுத்தமான சுவர்.

ஒரு அறையைப் பார்த்தால் அது எத்தனை பேருக்கு என்று சொல்லிவிடும் கண் அவளுடையது. அந்தக் கண் இன்றைக்கும் சும்மா இருக்கவில்லை. ஒடுக்கமான கட்டில். ஒரு தலையணை. துண்டு மாட்ட ஒரே ஒரு கொக்கி.

"பெரிய கட்டில் கேட்டா மாத்திக் குடுப்பாங்களாங்க?"

அவன் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினான்.

"இது ஆம்பளைங்க பிளாக், தாமரை. பொம்பளைங்களை உள்ள விடமாட்டாங்க. குடும்பத்துக்கு வீடு கட்டுறோம்னு சொன்னாங்கள்ல, அந்த நெலத்துல இன்னொரு ஹோட்டல் வருது. நான்தான் பைப் போடுறேன்."

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ரூம் வேணும்னா இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுன்னான் முதலாளி. அந்த கன்டெய்னர்ல இன்னொரு குளிர் தாங்கமாட்டேன் தாமரை. போட்டுட்டேன்."

கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" என்றாள் தாமரை.

"தூங்குறேன்."

அத்தோடு படம் உறைந்துவிட்டது. பாதி மூடிய கண்ணோடு சிவநேசன் கொஞ்ச நேரம் திரையில் இருந்தான். பிறகு அதுவும் போனது.

வீரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போய் ஒரு பிளேட் சோறு சாப்பிடு. பால்குடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ கேட்டதை முருகன் குடுத்தாரா என்ன?"

தாமரை மடியிலிருந்த ஈரத் துண்டைப் பிழிந்தாள். பிழிய அதில் ஒன்றுமில்லை.

போன வருடம் பத்துமலைக் கோயில் படிக்கட்டின் அடியில் நின்று கைகூப்பியபோது, அவள் காதுக்குள் அவனுடைய இருமல்தான் இருந்தது. அவருக்கு ஒரு ரூம் குடு முருகா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். தன்னையும் சேர்த்துக் கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை.

"குடுத்துட்டாருக்கா," என்று எழுந்து, விரிப்புகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

முருகனுக்கு ஒரு பால்குடம் பாக்கி.