இரைச்சல்

பட்டப்பகலிலும் கருப்புத் திரை போட்ட ஆய்வுக்கூடம். கண்ணாடித் துண்டின்மேல் கிராஃபீன் என்ற கரிப்படலத்தால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நாடாக்கள், அவற்றின்மேல் பள்ளிக்கூடக் குழாயில் பிடித்த ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் பச்சை லேசர். கணினியில் ஓடும் கோட்டில் குண்டூசித் தலையளவுக்கு ஒரு மேடு. அது தண்ணீரில் கலந்த பூச்சிமருந்து என்கிறாள் ஆராய்ச்சி மாணவி. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “கருவி தானா போடற வெறும் இரைச்சல்மா. மூணு வருஷமா இதையே கட்டிக்கிட்டு அழற. விட்டுத்தொலை.” அவள் நாடாக்களுக்குப் போகும் மின்னழுத்தத்தின் குமிழைத் திருகுகிறாள். மேடு விருட்டென்று எழுந்து நிற்கிறது. திருப்பித் திருகுகிறாள், படுத்துவிடுகிறது. மறுபடி எழுப்புகிறாள். துடைத்த கண்ணாடி அவர் கையிலேயே இருக்கிறது. “மாட்டிக்கிட்டுப் பாருங்க சார். இரைச்சல் என்னைக்கு சொன்ன பேச்சு கேட்டிருக்கு?”