படிக்காமல் விட்ட வரி

"பேர் கேக்கறாங்க. சொல்லுங்கம்மா" என்றாள் கனகலக்ஷ்மி.

பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த கெம்பம்மா சொன்னாள். கனகலக்ஷ்மி அதைக் கன்னடத்தில் சொல்ல, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்த ஐந்து எம்.எல்.ஏ.க்களும் குறித்துக்கொண்டார்கள்.

மூளைக்காய்ச்சலுக்குப் புதிதாக ஒரு தடுப்பூசி. அதைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கிற ஆராய்ச்சிக்கு ஜனங்களின் வரிப்பணத்தை இனியும் கொடுப்பதா, நிறுத்துவதா? விசாரித்துச் சட்டசபைக்குச் சொல்ல வந்திருக்கிற கமிட்டி இது.

கெம்பம்மாவுக்குத் தமிழ்நாட்டு எல்லையோரம் பாலாற்றுப் பக்கம் ஊர். கன்னடம் வராது. விடிகாலையில் ஜீப் அனுப்பி மைசூருக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

கனகலக்ஷ்மி அந்த ஆராய்ச்சி ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். சாயங்காலக் கல்லூரியில் பி.ஏ. படிக்கிறாள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஆபீசில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், தமிழ் பேசும் தாய்மார்களுக்குச் சம்மதத் தாளைப் படித்துக் காட்டும் வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது.

மைசூர் ராஜ்யம் என்று அச்சடித்த பழைய தாள். அதன்மேல் கர்நாடகம் என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கும். அதிலே எழுதியிருந்தது இதுதான்: பாதிக் குழந்தைகளுக்கு மருந்து, பாதிக் குழந்தைகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தக் குப்பியில் எது என்று ஊசி போடுகிற நர்சுக்கே தெரியாது. அப்படிச் செய்தால்தான் மருந்து பலித்ததா என்று கண்டுபிடிக்க முடியும்.

முதல் நாள் அவள் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"தண்ணியக் குத்திக்கிட்டுப் போறதுக்கா களையெடுப்பை விட்டுட்டு வந்தோம்?" என்று ஒருத்தி சிரித்தபடி எழுந்தாள். அவளோடு ஒன்பது பேர் போய்விட்டார்கள்.

ஆராய்ச்சியை நடத்துகிறவர் டாக்டர் கணபதிராமன். அவர் நிரம்பாத பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

அந்த வரியை விட்டுவிடு என்று அவர் சொல்லியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டிருக்கலாம். மறுநாள் அவளாகவேதான் தண்ணீர் என்ற வரியைத் தாண்டிப் படித்தாள். கூட்டம் கலையவில்லை.

அந்த மறுநாள்தான் கெம்பம்மா வந்தாள். தோளில் நாலு வயதுப் பையன், சித்தையன்.

எட்டு மாதம் கழித்து அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஊசிதான் போட்டாயிற்றே என்று கெம்பம்மா மூன்று நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் இல்லை.

கமிட்டி கேட்டதால் நேற்று ரகசியப் பட்டியலின் உறையைப் பிரித்தார்கள். மருந்து விழுந்த குழந்தைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் விழுந்தவர்களில் ஆறு பேர். அதை டைப் அடித்தது கனகலக்ஷ்மி. சித்தையனின் பெயர் ஐந்தாவதாக வந்தது.

பணம் நின்றால் இந்த மருந்தும் இத்தோடு நின்றுவிடும். வருகிற மழைக்காலத்தில் இன்னும் எத்தனை சித்தையன்களோ. நிறுத்தலாம், நிறுத்தக் கூடாது என்று காலையில் நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்தாள். இரண்டுமே சரியாகத்தான் பட்டது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"ஏன் டாக்டரே, ஜனங்க வரிப்பணத்துல குழந்தைங்களுக்குத் தண்ணி ஊசியா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார் ஓரத்திலிருந்த உறுப்பினர். "காவேரித் தண்ணியா, போர்வெல் தண்ணியா?"

மேஜை முழுவதும் சிரித்தது.

"எதுக்கு அம்மணி சிரிக்கறாங்க?" என்றாள் கெம்பம்மா.

கனகலக்ஷ்மி டாக்டரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னாள். தாளில் இருந்தபடி, ஒரு சொல் மாற்றாமல், அன்று தாண்டிப் போன அந்த வரியைச் சொன்னாள்.



"எம்பையனுக்கு எதுங்க அம்மணி?"

"தண்ணி."

கெம்பம்மா தன் வலது கைப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

கமிட்டித் தலைவர் குறுக்கிட்டார். கைநாட்டு வாங்குமுன் இந்த அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினார்களா? அது ஒன்றுதான் தனக்குத் தெரிய வேண்டும் என்றார். படிக்கவில்லை என்றால் இன்றைக்கே பணத்தை நிறுத்தச் சொல்லி எழுதிவிடுவாராம்.

கனகலக்ஷ்மி கேள்வியைத் தமிழில் சொன்னாள்.  

கெம்பம்மா அவள் முகத்தையே பார்த்தாள். இந்தப் பெண்தான் அன்று தாளைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவள் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

"நீங்க படிச்சிருப்பீங்க அம்மணி. பையன் அன்னிக்கு ஒரே அழுகை. நாந்தான் காதுல வாங்காம இருந்துட்டேன். எந்தப்புதான்னு சொல்லிருங்க."

சித்தையன் அன்று அழவில்லை. கனகலக்ஷ்மி படித்து முடிக்கும்வரை தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் தலைவர்.

கனகலக்ஷ்மி மேஜைப் பக்கம் திரும்பினாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, கன்னடத்தில் சொன்னாள்.

"'இந்தப் பெண் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டவில்லை' என்கிறார்."

அப்படித்தானா என்பதுபோலத் தலைவர் கெம்பம்மாவைப் பார்த்தார்.

தான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து, கெம்பம்மா ஆமென்று தலையை ஆட்டினாள்.