சதுப்புப் பாதையில் ஒரு முட்டை

அவன் தண்ணீரின் விளிம்பில் நின்றிருந்தான். முதுகு இந்தப் பக்கம். தலையில் பச்சைத் தொப்பி.

அவள் கட்டைவிரலால் திரையைத் தொட்டு அவனைக் கரைப்பக்கம் திருப்பினாள். ஓர் அடி விலகி நின்றான்.

அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

விளையாட்டுப் பொம்மைதான். மத்தியானம் அப்பா போனைப் பிடுங்கியபோது தம்பி அதை எங்கே விட்டானோ அங்கேயே நின்றிருந்தது. சதுப்புப் பாதையின் கடைசி வளைவில், நீரைப் பார்த்தபடி.

அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

தம்பியின் போன் அப்பாவின் பீரோவுக்குள், பூட்டி. தம்பியின் செருப்பு வாசலில். அவன் பாதியில் எழுந்த சோறு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதை எடுக்க விடவில்லை.

சித்தப்பா அவனைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். அப்பா எந்தப் பக்கம் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு வடக்கே காவிரி.

மாலை வகுப்புக்கு அவள் போகவில்லை. யோசித்து யோசித்து இந்த ஒன்றைத்தான் கண்டுபிடித்திருந்தாள். இது சரியா என்றும் தெரியவில்லை.

விளையாட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே கணக்கு. கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் திறக்கும். ஒருவர் நுழைந்தால் மற்றவரை வெளியே தள்ளிவிடும். அதற்காக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள்.

எங்காவது, எவன் போனிலாவது, அவன் இதைத் திறந்தால் இவள் வெளியே விழுவாள்.

விழுவதற்காகத்தான் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

சும்மா நின்றால் விளையாட்டே வெளியேற்றிவிடும். அப்படி விழுந்தால் கணக்கில்லை. அதனால் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

நடந்தாள்.

அந்தப் பாதையில் அவள் தனியாகப் போனதில்லை. “நாணல் பக்கம் போகாதக்கா. உன் கை வேகத்துக்குச் செத்துருவ” என்பான். இரண்டு பக்கமும் நாணல். இங்கே பொழுது சாய்ந்தால் அங்கேயும் இருட்டும். எது அசைந்தாலும் விரல் நின்றுவிட்டது. நின்ற விரலைத் திட்டி மறுபடி நகர்த்தினாள்.

பாதை முடிவில் வளர்ப்பு வீடு. ஜோடி சேர விடும் பிராணிகளை அங்கே ஒப்படைப்பார்கள். உள்ளே ஆட்டுக்கல்லும் கெமிஸ்ட்ரியும் இருந்தன. ஆட்டுக்கல் அவனுடைய ஆமை. கெமிஸ்ட்ரி ஒரு தவளை. கெமிஸ்ட்ரி டியூஷன் சாரின் வாய் அதற்கு என்று அவன் வைத்த பெயர்.

முட்டை ஒன்று கிடைத்திருப்பதாக வீட்டுக்காரக் கிழவர் சொன்னார்.

திரும்பி வர நினைப்பவன்தான் பிராணிகளை அங்கே விட்டு வைப்பான்.

அல்லது, எதைப் பற்றியும் இனி நினைக்காதவன்.

முட்டையை வாங்கிக்கொண்டாள். சுமந்து நடந்தால்தான் பொரியும். எப்படியும் நடக்கத்தான் வேண்டும்.

நாணல் வரை. திரும்ப வீடு வரை. மறுபடி நாணல்.

“இப்பக்கூட அந்தக் கருமத்தையே நோண்டிக்கிட்டு இருக்கியாடி?”

அம்மா வாசற்படியிலிருந்து திரும்பாமலே கேட்டாள். எதற்கென்று இவள் சொல்லியிருக்கலாம். சொல்லி, நடக்காமல் போனால்?

ஒருமுறை திரை உறைந்தது.

இணைப்பு இல்லை என்றது. சிக்னல்தான். ஜன்னலோரம் நகர்ந்து மீண்டும் நுழைந்தாள்.

நடந்தாள்.

முட்டை ஆடியது. விரிசல் விட்டது. திரை வெளுத்தது. தவளை வாயோடு ஒரு குட்டி ஆமை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

பெயர் வையுங்கள் என்று ஒரு பெட்டி வந்தது.

பெயர் வைப்பதில் முறை உண்டு. ஒன்று அவன், ஒன்று அவள். இது அவன் முறை. மீறினால் நாள் முழுக்கப் பேச மாட்டான்.

‘வாடா’ என்று அடித்தாள். அதட்டுவது போல இருந்தது. அழித்தாள்.

‘அப்பா பாவம்’. அழித்தாள்.

பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

‘யாரும் சாப்பிடல’.

சரி என்பதை அழுத்தினாள். அழுத்திய பிறகு, வேறு ஏதாவது எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது.

மறுபடி நாணல் வரை. திரும்ப வீடு வரை. அம்மா வாசல் விளக்கைப் போட்டாள். குட்டி ஆமை பின்னாலேயே வந்தது.

பாதி வழியில் திரை கருத்தது.

இவள் ஜன்னலோரம்தான் இருந்தாள். சிக்னல் முழுதாக இருந்தது. விரல் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

எழுத்துகள் வந்தன. கூட்டிப் படித்தாள். நம்பாமல் இன்னொரு முறை படித்தாள்.

உங்கள் கணக்கு வேறொரு போனில் திறக்கப்பட்டுள்ளது.

கீழே ஒரு பொத்தான். மீண்டும் நுழை.

பழக்கத்தில் கட்டைவிரல் அதன் மேல் போய்விட்டது. மற்ற கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். போனைத் தரையில் வைத்தாள். உள்ளே போனால் குட்டியின் பெயரை அவன் மாற்றினானா என்று தெரியும். உள்ளே போனால் அவன் வெளியே விழுவான்.

வாசலில் வண்டி நின்றது.

அப்பா உள்ளே வந்தார். வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா இல்லை என்று தலையசைத்தார். பிறகு தரையில் வெளிச்சமாய்க் கிடந்த போனைப் பார்த்தார். என்னவென்று பார்க்கக் குனிந்து கையை நீட்டினார்.

“தொடாதீங்கப்பா. அவன் உள்ள இருக்கான்.”

அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, அந்தத் திரையைப் பார்த்தார். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. போனில் பட்டுவிடாமல் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.