ஆலிஸின் பத்து அட்டைகள்

"ஆலிஸக்காவுக்கு டி.பி.யாம். பேரோட எயுதியே கீது!"

டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலையைக் கொறித்தபடி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள் ஃப்ளோரா.

எண்ணூர்த் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளும் நானும் கம்ப்யூட்டர் படிப்பதற்கான விவரங்களை அட்டையில் துளையிடுகிறவர்கள். ஆலிஸ் அங்கே புரோகிராம் எழுதுகிறவர்.

எட்டிப் பார்த்தேன். கடலை மடித்த தாள் எங்கள் கம்ப்யூட்டர் அச்சிட்டதுதான். ஆலிஸின் பெயர். பக்கத்தில் காசநோய்.

மறுநாள் கேன்டீனில் ஆலிஸின் மேஜைக்கு யாரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் வரவில்லையாம்.

"மூடி மறைச்சிக் கல்யாணம் பண்ணிக்கப் பாத்துது பாரேன்!" என்றாள் ஃப்ளோரா.

திங்கட்கிழமை ஆலிஸ் எங்கள் அறைக்கு வந்தார்.

"தொழிலாளிங்க வைத்தியக் குறிப்புக்கு எழுதின புரோகிராமைத் திருத்தியிருக்கேன். போன தடவை நைட் ஷிஃப்ட்ல அடிச்சாங்க. இப்போ சோதிச்சுப் பார்க்கப் பத்து அட்டை நீங்க அடிச்சுக் கொடுங்க."

ஃப்ளோரா தாளை வாங்கிப் பார்த்தாள். பத்திலும் பெயர் ஆலிஸ். இந்த முறை தொழுநோய்.

"இன்னாக்கா, இதுவும் கீதா உனக்கு?"

ஆலிஸ் சிரித்துவிட்டார்.

"எனக்கு ஜலதோஷம்கூட இல்லை. நிஜ ஆளுங்க அட்டையை வெச்சே சோதிக்கச் சொன்னார் மேனேஜர். மாட்டேன்னுட்டு என் பேரையே போட்டேன். அச்சடிச்ச தாளை எரிச்சுடுங்கன்னேன். எடைக்குத்தான் போடறாங்க."

"அதுக்கு? இன்னாசி, கின்னாசின்னு இன்னாத்தியோ ஒரு பேரு போட்டுட்டுப் போறது!"

"கல்மண்டபத்துல மட்டும் எத்தனை இன்னாசி, ஃப்ளோரா? நம்ம ஃபேக்டரி மூவாயிரம் பேர் வேலை செய்யற இடம். எந்தப் பேரைப் போட்டாலும் அந்தப் பேர்ல ஒருத்தர் இருப்பார். வீட்டுக்காரன் மறுநாளே அவரைக் காலி பண்ணச் சொல்லிடுவான்."

"பொண்ணு பாக்க வரவங்ககிட்ட இத்தச் சொல்றதுதானே?"

"சொன்னேன். நம்பலை. அம்மாதான் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை."

ஆலிஸ் போய்விட்டார்.

ஃப்ளோரா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷினில் புது அட்டையைச் செருகி, ஆலிஸ் என்று இருந்த இடத்தில் தன் பெயரை அடித்தாள்.