ஊர் பார்க்க வந்தவர்கள்

துப்ரோவ்னிக் கோட்டைமதிலைச் சுற்றிப் பார்த்த களைப்போடு, ஊர் வரைபடத்தால் முகத்தை மறைத்தபடி, கணவன் நிக்ஷாவுடன் அந்தச் சந்துக்குள் நுழைந்தாள் வெஸ்னா.

“மாட்டினா மானம் போயிடும், நிக்ஷா.”

“ஊசி போடலைன்னா உயிரே போயிடும். நாக்கு வறண்டு தலை சுத்துது. அந்த வீட்டு ஃப்ரிட்ஜ்லதானே இன்சுலின் இருக்கு?”

“உள்ளே ஆள் இருந்தா?”

“எல்லாரும் கடல்ல குளிக்கப் போயாச்சு. நீ வாசலைப் பார்த்துக்கோ.”

பூட்டு சத்தமில்லாமல் திறந்தது. நிக்ஷா மருந்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பியபோது, கடலுக்குப் போகாத ஒரு ஜெர்மன்காரர் மாடிப்படியில் நின்றிருந்தார்.

“யாருய்யா நீ?”

வெஸ்னா பதறி உள்ளே ஓடினாள். “மன்னிச்சுக்குங்க சார், ஊர் பார்க்க வந்தவங்க. மியூசியம்னு நினைச்சு நுழைஞ்சுட்டோம்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “உங்களை மாதிரி டூரிஸ்டுங்களை வெச்சுக்கிட்டு இந்த ஊர்க்காரங்க எப்படித்தான் குடித்தனம் பண்றாங்களோ!”

இருவரும் வெளியே வந்ததும் கதவு படாரென்று மூடிக்கொண்டது.

“நம்ம வீடுதான்னு சொல்லியிருக்கலாமே?” என்று முனகினான் நிக்ஷா.

“வாடகை விளம்பரத்துல, ‘வீட்டுக்காரங்க எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க’ன்னு எழுதினது யாரு? இந்த ஆளு ஒரு புகார் போட்டா, கோடை முழுக்க எவன் வருவான்?” வெஸ்னா வரைபடத்தை மறுபடி விரித்தாள். “முதல்ல ஊசியைப் போடு. நாளைக்குச் சாயங்காலம் இவங்க காலி பண்ற வரைக்கும் நாம டூரிஸ்டுங்கதான்.”