கடைசிப் பெட்டி

"விடிஞ்சா ஒரு குழந்தைக்குக் கண் ஆபரேஷன். இங்க உங்களுக்கு ரயில் விளையாட்டு கேக்குதா?"

டாக்டரின் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் திரும்பவில்லை. புத்தக அலமாரியின் மேல்தட்டில் போட்டிருந்த குட்டித் தண்டவாளத்தில், விரல் நீளம்கூட இல்லாத ஒரு பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். பல்பு மாட்டச் சொன்னால் நேரமில்லை என்கிற மனுஷன், அட்டையில் வீடு, கம்பியில் மரம் என்று அந்தத் தட்டில் ஒரு ஊரையே கட்டியிருந்தார்.

எஞ்சின் கிளம்பியது. கடைசிப் பெட்டி அப்போதே சாய்ந்தது.

"ச்சே!"

கீழ்வீட்டுக்காரி இப்போதுதான் அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"அக்கா, எங்க பொண்ணுக்கு டாக்டர் சார்தான் செய்வார்னு தைரியமா இருந்தோம். இன்னைக்குப் போய், சின்ன டாக்டரம்மா செய்வாங்கன்னு சொல்லிட்டாராமே. நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமாக்கா?"

என்ன பதில் சொல்வது? மனுஷன் லீவு போட்டுவிட்டு அலமாரி முன்னால் நிற்கிறார் என்றா? கேட்டால் காறித் துப்ப மாட்டார்களா?

"சின்ன டாக்டரம்மா நல்லாவே செய்வா. நான் பழக்கின பொண்ணு" என்றார் டாக்டர்.

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே! பெத்த வயிறு பதறுதுங்க. உங்களைத்தானே மலை மாதிரி நம்பியிருக்காங்க?"

டாக்டர் சக்கரத்தை ஊதினார். தண்டவாள இணைப்பைத் தடவிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மறுபடி வைத்தார். மறுபடி சாய்ந்தது.

"ஓட்டைப் பெட்டி. தூக்கிப் போடுங்க."

"நேத்து வாங்கினது."

"அப்ப தண்டவாளம் கோணல்."

"பிரிச்சு மாட்டிட்டேன். அதுவும் சரியாத்தான் இருக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிஞ்சுக் கண்ணைவிட இந்தத் தம்மாத்தூண்டு பெட்டி பெரிதாகிவிட்டதா?

"தள்ளுங்க இப்படி!"

பெட்டியைப் பிடுங்கினாள். தண்டவாளத்தில் வைத்து சுவிட்சைத் தட்டினாள். ரயில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சமர்த்தாக ஓடி நின்றது. கடைசிப் பெட்டி ஆடக்கூட இல்லை.

"பாத்தீங்களா? ஒரு கோளாறும் இல்ல. இப்பவாவது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நானே செய்றேன்னு சொல்லுங்க. புண்ணியமாப் போகும்."

டாக்டர் நின்றுபோன ரயிலையே பார்த்தார்.

"கொஞ்ச நாளாவே சந்தேகம். பெட்டி மேலயும் தண்டவாளம் மேலயும் பழியைப் போட்டுப் பார்த்தேன்" என்றவர், வலது கையை அவள் முன் நீட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"நீ வச்சா நிக்குது. நான் வச்சா விழுது. இப்ப சொல்லு, இந்தக் கையையா அந்தக் குழந்தையோட கண்ணுகிட்ட கொண்டுபோகச் சொல்ற?"